எந்த உயிரை விற்கப்போகிறோம்?

பெட் ஷாப் வைக்க நினைப்பவர் பெரும்பாலும் இடத்தைத்தான் முதலில் தேடுகிறார். மெயின் ரோட்டில் ஷட்டர் போட்ட கடை, அட்வான்ஸ், வாடகை, கண்ணாடிக் கதவு, பெயர்ப்பலகை என்று ஒவ்வொன்றாக முடித்த பிறகுதான் "இதற்கு ஏதாவது லைசென்ஸ் எடுக்கணுமா?" என்று யாரையாவது கேட்கிறார். இந்த வரிசை தலைகீழானது. செல்லப்பிராணி வியாபாரம் ஒரே உரிமத்தில் அடங்கிவிடும் தொழில் அல்ல. நாய்க்குட்டி விற்க ஒரு விதி, அதை ஈன்ற தாயை வளர்க்க வேறொரு விதி. லவ் பேர்ட்ஸுக்கு ஒரு சட்டம், பச்சைக்கிளிக்கு முற்றிலும் வேறான சட்டம். தங்கமீனுக்கு ஏறக்குறைய எதுவுமே இல்லை, அதே கடையில் கடற்குதிரை இருந்தால் சிறை. கூண்டுக்குள் எந்த உயிர் நிற்கப்போகிறது என்று முடிவு செய்தபின்தான் எந்த அலுவலகத்தின் படியேற வேண்டும் என்பதே தெரியும். ஆகவே முதலில் உயிரைத் தீர்மானிக்க வேண்டும். கடை அதற்குப் பிறகு வரட்டும்.

இந்தச் சட்டங்களின் வேர் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அந்த வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1950களில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்துதான் அரசே சட்டம் இயற்றியது. சட்டப்படி 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். தலைமை அலுவலகம் பல்லாண்டுகள் சென்னையில் இயங்கி, 2018இல் ஹரியானாவின் பல்லப்கருக்குப் போனது.

சட்டம் வந்தும், கடைகளுக்கென்று விதி வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. விலங்கை அடிப்பது, பட்டினி போடுவது, அசைய முடியாத கூண்டில் அடைப்பது எல்லாம் 11ஆம் பிரிவின்படி முதலிலிருந்தே குற்றம். ஆனால் ஒரு கடைக்கு எவ்வளவு இடம் வேண்டும், யார் பார்வையிட வேண்டும், எந்த வயதுக் குட்டியை விற்கலாம் என்று எங்கும் எழுதப்படவில்லை. இந்த வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டியது நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம். 2015 ஆகஸ்டில் அது அளித்த 261ஆம் அறிக்கை, செல்லப்பிராணிக் கடைகளையும் நாய் வளர்ப்பையும் அலங்கார மீன் வணிகத்தையும் ஒழுங்குபடுத்த வேண்டிய தேவை பற்றியது மட்டுமே. அதன் பின்னர் 2017இல் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளும், 2018இல் செல்லப்பிராணிக் கடை விதிகளும் வந்தன. இன்று கடை திறப்பவரைக் கட்டுப்படுத்தும் முதன்மையான விதி இந்த 2018ஆம் ஆண்டு விதிதான்.

அது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதை நன்றாகப் பார்க்க வேண்டும். நாய், பூனை, முயல், கினி பன்றி, வெள்ளெலி, எலி வகைகள், கூண்டில் வளர்க்கப்படும் பறவைகள் ஆகியவையே இந்த விதியின் பார்வையில் செல்லப்பிராணிகள். அவற்றிலும் வேறு எந்தச் சட்டமும் தடை செய்யாதவை மட்டுமே. சில்லறை விற்பனையோ மொத்த விற்பனையோ, மாநில விலங்குகள் நல வாரியத்தின் பதிவுச் சான்று இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் அந்த அதிகாரம் தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்திடம் இருக்கிறது. கட்டணம் 5,000 ரூபாய். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் திரும்பி வராது. ஒருவருக்கு அண்ணா நகரில் ஒரு கடையும் தாம்பரத்தில் ஒரு கடையும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிப் பதிவு. ஆய்வுக்கு வரும் குழுவில் கால்நடை மருத்துவர் இருப்பார். பார்த்துத் திருப்தியடைந்தால்தான் சான்று. அது 5 ஆண்டுகள் செல்லும், கடையில் வருபவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். பதிவு கிடைத்ததோடு வேலை முடிந்துவிடாது. எந்த விலங்கு எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது, எத்தனை இறந்தன என்று பதிவேடு வைக்க வேண்டும், ஆண்டுதோறும் வாரியத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதிகாரம் பெற்றவர் ஆய்வுக்கு வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும்.

இதில் இறப்புக் கணக்கு என்ற பகுதியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு கடையின் தரத்தைக் கண்ணாடிக் கதவோ குளிர்சாதனமோ காட்டாது. மாதத்துக்கு எத்தனை உயிர் கடைக்குள்ளேயே செத்தது என்ற எண் காட்டும். அந்த எண்ணை உண்மையாக எழுதும் கடைக்காரர், அடுத்த மாதம் அது குறைய என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். எழுதாதவருக்கு அது வெறும் நஷ்டக் கணக்கு.

கட்டடம் பற்றிய நிபந்தனைகளைப் படிக்கும்போது, அவற்றை எழுதியவர்கள் உண்மையான கடைகளுக்குள் நின்று பார்த்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. நிரந்தரமான கட்டடம் வேண்டும், தண்ணீரும் மின்சாரமும் தடையின்றி வர வேண்டும், காற்றோட்டம் வேண்டும், நோயுற்றதைத் தனியாக வைக்க இடம் வேண்டும், கூண்டில் அந்த விலங்கு நின்று திரும்பிப் படுக்க வேண்டும், பறவை சிறகு விரிக்க வேண்டும். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும் இவை மே மாதத்தில் உயிர்போகும் விஷயமாகிவிடும். நாய்க்கு உடல் முழுக்க வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றும். இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுப் போனபின் மின்சாரம் நின்றால், தகரக் கதவுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பக் குட்டியின் நிலையை நினைத்துப் பாருங்கள். தட்டை மூக்குள்ள அந்த இனத்துக்குச் சாதாரண நாளிலேயே மூச்சு சீராக வருவதில்லை. மாற்று மின்சாரம் வேண்டும் என்று விதி கேட்பது இதற்காகத்தான். கடை மூடியிருக்கும் நாட்களிலும் தீனிக்கும் தண்ணீருக்கும் ஆள் வேண்டும் என்று சொல்வதும் அப்படியே. தீபாவளிக்கு நான்கு நாள் சொந்த ஊர் போகும் முதலாளி, விலங்குகளைப் பார்த்துக்கொள்ள யாரை விட்டுப் போகிறார் என்பதுகூடச் சட்டத்தின் கேள்விதான்.

நிரந்தரக் கட்டடம் என்ற ஒரு நிபந்தனையே நம் ஊரின் பழைய விற்பனை முறையோடு நேராக மோதுகிறது. சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் எரியும்வரை செல்லப்பிராணி வாங்கப் போகிறவர்களுக்கு அதுவே பழகிய இடம். இப்போது பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைகளில் கூடும் சந்தையைப் போய்ப் பாருங்கள். பழைய மிக்சி, செருப்பு, செடித் தொட்டிகள் பரப்பிய வரிசையைத் தாண்டினால் கம்பிக் கூண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மேல் கூண்டுப் புறாவின் எச்சம் கீழ்க் கூண்டு முயலின் முதுகில் விழும். அட்டைப் பெட்டியில் பச்சை, ரோஸ், ஊதா நிறம் தோய்த்த கோழிக்குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நிற்கும். குழந்தைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் லேயர் பண்ணைகள் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறிக்கும் வேகமாக வளராது என்பதால் வந்த விலைக்குத் தள்ளிவிடப்பட்டவை. வீட்டுக்குப் போய் ஓரிரு நாளில் பல செத்துவிடுகின்றன. அங்கே விற்பவர்கள் வசதியானவர்கள் அல்ல. சின்ன முதலில் பிழைப்பவர்களை ஒரே நாளில் துரத்துவதை நான் கேட்கவில்லை. அவர்களுக்கென்று கூரையும் தண்ணீரும் உள்ள பொதுக் கூடத்தை உள்ளாட்சி அமைப்பே கட்டித் தந்து, அங்கே பதிவு கொடுக்கலாம். ஆனால் வெயிலில் அடுக்கிய அந்தக் கூண்டுகள் 2018 விதியின் எந்த வரிக்கும் பொருந்தாதவை என்பதை மறைத்துப் பேச முடியாது.

நாய்க்குட்டிதான் இந்தத் தொழிலில் பணம் அதிகம் புரளும் சரக்கு, விதிமீறல் அதிகம் நடப்பதும் அதில்தான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017 விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனால் முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டிகள்தான் கடைகளில் ஏராளம். பஞ்சுப்பொதி மாதிரி இருக்கும் வயது அது, கேட்ட விலைக்குப் போகும். எட்டு வாரம் என்ற எல்லை யாரோ மேசையில் உட்கார்ந்து போட்ட எண் அல்ல. பிறந்த முதல் நாளின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்பு ஆற்றல் குட்டிக்குச் சில வாரங்கள் காவலாக இருந்து, மெல்லக் குறையும். அது குறைந்து, தடுப்பூசியின் ஆற்றல் இன்னும் முழுதாக வராத அந்த இடைவெளியில்தான் பார்வோ வைரஸ் உள்ளே நுழைகிறது. முதல் தடுப்பூசியே ஆறிலிருந்து எட்டு வார வயதில்தான் தொடங்குகிறது. அதன் பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை தொடர வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கும் காலத்தில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையும் குட்டி கற்கிறது. ஒரு மாதத்தில் பிரித்த குட்டி வாங்கியவர் வீட்டில் ரத்தபேதி வந்து சாகிறது. பிழைத்தால் பயந்தோ கடித்தோ வளர்கிறது. வாங்கியவர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார், "கொடுக்கும்போது நல்லாத்தானே சார் இருந்தது" என்ற பதில் வருகிறது. பார்வோவின் நோய்க்குறி தெரியச் சில நாட்கள் ஆகும் என்பதால் அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கலாம். எனவேதான் பொறுப்பை விற்ற நாளில் மட்டும் தேடாமல் குட்டி எங்கே பிறந்தது என்பதிலிருந்து தேட வேண்டியிருக்கிறது.

குட்டியை ஈன வைப்பவருக்குத் தனிப் பதிவு. அதற்கும் கட்டணம் 5,000 ரூபாய்தான், ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாதம் நிரம்பியிருக்க வேண்டும், எட்டு வயது தாண்டியிருக்கக் கூடாது, ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. காதை வெட்டுவதும் வாலை நறுக்குவதும் குற்றம். டாபர்மேனுக்கு நிமிர்ந்த காது கேட்கும் வாடிக்கையாளரிடம் அது சட்டப்படி முடியாது என்று சொல்லத் தயாராக இருப்பவர்தான் இந்தத் தொழிலுக்கு வரலாம். கடைக்காரர் தானே குட்டி போட வைக்காவிட்டாலும், தனக்குக் குட்டி தருபவரிடம் பதிவு இருக்கிறதா என்று கேட்டு, அந்தச் சான்றின் நகலைத் தன் பதிவேட்டோடு வைத்துக்கொள்வது அவருக்கே பாதுகாப்பு. இன்று நடப்பது வேறு. ஈரோட்டிலோ பெங்களூரிலோ யாரோ ஒருவர், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் குட்டியை வைத்து ஆம்னி பஸ் டிக்கியில் ஏற்றிவிடுகிறார். விடியற்காலையில் பஸ் வந்து நிற்கும் இடத்தில் கடைப்பையன் போய் எடுத்து வருகிறான். 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள், பயணத்துக்கு முன் கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று கேட்கின்றன. டிக்கியில் வந்த அந்தப் பெட்டியோடு எந்தக் காகிதமும் வருவதில்லை.

எந்த இனத்தை விற்கலாம் என்பதிலும் அண்மைக் காலத்தில் நிறையக் குழப்பம். மூர்க்கமான இனங்கள் என்று 23 வகைகளைத் தடை செய்யச் சொல்லி 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காமல் எடுத்த முடிவு என்பது உள்ளிட்ட காரணங்களால் கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்களில் அது நிற்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அந்தப் பதற்றத்தில் தமிழ்நாட்டிலும் 23 இனத் தடை அறிவிக்கப்பட்டு, உடனேயே திரும்பப் பெறப்பட்டது. பிறகு மாநில அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டது. அதன் பார்வை வேறு மாதிரியானது. சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மலமூட், செயின்ட் பெர்னார்ட் போன்ற குளிர்நாட்டு இனங்கள் நம் வெப்பத்தில் வாடுகின்றன, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நம் இனங்களை வளர்ப்பதை ஊக்குவிக்கிறது. கடித்த செய்தி வந்த மறுநாள் போடும் தடையைவிட, நாயின் உடம்பை முன்வைத்துப் பேசும் இந்த அணுகுமுறை எனக்கு நியாயமாகப் படுகிறது. கொள்கை அளவில் நிற்கும் இதற்கு ஆய்வாளர்களும் பதிவுப் பட்டியலும் சேர வேண்டும்.

பறவைப் பக்கம் வந்தால் சட்டத்தின் முகமே மாறிவிடுகிறது. இங்கே பேசுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வாரியத்துக்குப் பதில் வனத்துறை வருகிறது, அபராதத்துக்குப் பதில் ஜாமீன் மனு எழுத வேண்டியிருக்கிறது. இந்தியக் காட்டுப் பறவைகளின் வணிகம் 1990-91 முதலே தடை. பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, வயல்வெளியில் பறக்கும் சில்லை எல்லாம் இதில் அடங்கும். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடப்பில் உள்ள அட்டவணைகளில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. விற்றாலோ வைத்திருந்தாலோ மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். முதலாம் அட்டவணை உயிர் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டுவரை போகலாம். கூண்டில் பிறந்த குஞ்சுதானே, காட்டில் பிடித்ததில்லையே என்று பலர் வாதிடுகிறார்கள். ரிங்நெக் என்ற பெயரில் நீலமும் மஞ்சளுமாக விற்கப்படுவது நம் பச்சைக்கிளியின் நிற வேறுபாடுதான். சட்டம் பார்ப்பது இனத்தை, பிறந்த இடத்தையோ நிறத்தையோ அல்ல. கிளி ஜோசியர்களின் கூண்டில் இருப்பதும் அதே கிளி. 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் கடலூரில் ஒரு கிளி ஜோசியர் கைதானபோது ஊரே வியந்தது. ஆனால் அந்தக் கிளிக்கு அந்தப் பாதுகாப்பு அன்று புதிதாக வரவில்லை.

நட்சத்திர ஆமையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்று யாரோ கிளப்பிவிட்ட நம்பிக்கையால், தென்னிந்தியப் புதர்க்காடுகளிலிருந்து அது பைபையாக அள்ளிச் செல்லப்பட்டது. இன்று முதலாம் அட்டவணையில் உள்ளது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையிலும் 2019 முதல் மிகக் கடுமையான முதல் பின்னிணைப்பில் இருக்கிறது. "ஸ்டார் டார்டாய்ஸ் வேணுமா சார்?" என்று கடையில் யாராவது மெதுவாகக் கேட்டால், அந்தக் கடையை விட்டு வெளியேறி வனத்துறைக்குத் தகவல் சொல்வதே சரி.

வெளிநாட்டு உயிர்களைப் பற்றி நீண்ட காலம் நம் சட்டம் வாயே திறக்கவில்லை. துறைமுகத்தையோ விமான நிலையத்தையோ தாண்டி உள்ளே வந்துவிட்டால் போதும், அதன் பிறகு உடும்பு போன்ற இகுவானாவையும் மக்காவ் கிளியையும் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நிலை. பாங்காக்கிலிருந்து சென்னை வரும் விமானங்களில் பெட்டிக்குள் பாம்பும் குரங்குக்குட்டியும் ஆமையும் அடிக்கடி பிடிபடுவது இந்தச் சந்தையை நம்பித்தான். 2020 ஜூனில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாகவே அறிவித்தால் ஆவணம் கேட்க மாட்டோம் என்று ஒரு வாய்ப்பு கொடுத்தது. 2022 திருத்தம் சைட்டிஸ் பட்டியலைச் சட்டத்தின் நான்காம் அட்டவணையாகவே சேர்த்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, அந்த அட்டவணையில் உள்ள உயிரை வைத்திருப்பவர் அனைவரும் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். முதல் பின்னிணைப்பு உயிர்களை இனப்பெருக்கம் செய்ய மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் உரிமம் வேண்டும்.

கடைக்காரருக்கு இதில் நடைமுறையில் தெரிய வேண்டியது, எது பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்பதுதான். கிளி வகை ஏறக்குறைய முழுவதும் சைட்டிஸுக்குள் வருகிறது. விலக்கு மிகச் சிலவற்றுக்கே. நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் பட்ஜெரிகர், காக்டெய்ல், ரோஜா முகமுள்ள ஆப்பிரிக்க லவ் பேர்ட் ஆகியவை அந்த விலக்கில் வரும். சாதாரணக் கடையின் பறவை வியாபாரத்தில் பெரும்பகுதி இவற்றிலேயே நடப்பதால், இவற்றோடு நிறுத்திக்கொள்பவருக்கு வனத்துறைத் தொல்லை இல்லை. சன் கொனூரை எடுத்தால் பதிவு வேண்டும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 முதல் முதல் பின்னிணைப்பில் உள்ளது. பேசும் கிளி என்பதால் விலையும் மேலே, சட்டமும் மேலே. யார் விற்றார், அவருக்கு எப்படி வந்தது என்ற ஆவணத் தொடர் இல்லாமல் வாங்கக் கூடாது. வனவிலங்குச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, விலங்கு உங்கள் கையில் இருந்தால் அது சட்டவிரோதமாக வந்தது என்றே கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைத்த கிளி கடைசியில் எவ்வளவு விலை கேட்கும் என்பதை இந்தப் பிரிவைப் படித்தால் புரியும்.

மீன் வியாபாரிகள் இந்தக் கட்டுரையை இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால், தங்களைப் பற்றி ஒன்றும் வரவில்லையே என்று நினைத்திருப்பார்கள். 2018 விதியின் செல்லப்பிராணி வரையறையில் மீன் இல்லை. 2017 மே மாதம் மீன்தொட்டிக் கடைகளுக்கென்று தனி விதிகள் வந்தன. கொளத்தூர் கொந்தளித்தது. வட சென்னையை ஒட்டிய அந்தப் பகுதியில் தெருத்தெருவாக வண்ண மீன் கடைகள், அவற்றை நம்பிப் பண்ணை வைத்திருப்பவர்கள், புழு பிடிப்பவர்கள், பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்துப் பொட்டலம் கட்டுபவர்கள் என்று ஏராளமான குடும்பங்கள். நடைமுறைக்கு ஒவ்வாத நிபந்தனைகள் என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, அந்த விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றின் சில நிபந்தனைகள் சின்னக் கடையால் தாங்க முடியாதவை என்பது உண்மை. ஆனால் அவற்றின் இடத்தில் எளிமையான வேறொன்று வரவேயில்லை. பீட்டா மீனைத் தேநீர்க் குவளை அளவுக் கண்ணாடியில் நாள்கணக்கில் அடுக்கி வைப்பதைக் கேட்க, 1960 சட்டத்தின் பொதுவான பிரிவுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. வனவிலங்குச் சட்டம் மட்டும் இங்கேயும் உண்டு. கடற்குதிரையும் பவளமும் முதலாம் அட்டவணையில் இருக்கின்றன. ஆசிய அரோவானா சைட்டிஸின் முதல் பின்னிணைப்பு. வாஸ்து மீன் என்று ஆசையாக வாங்கிவைக்கும் வீட்டுக்காரருக்கும் அதன் பதிவுக் கடமை உண்டு.

மற்ற உரிமங்கள் எந்தக் கடைக்கும் பொதுவானவை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம், வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உள்ள கட்டடம், வாடகை ஒப்பந்தம், தொழில் வரி, பொட்டலப் பொருட்களில் எடையும் விலையும் குறித்த சட்டம். பொருள் விற்பனை மட்டும் உள்ள கடையின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. நாய்க்குட்டிக்கும் பறவைக்கும் வரி இல்லை, பாக்கெட் தீவனத்துக்கு உண்டு, ஆகவே கணக்கைப் பிரித்து எழுதுவது நல்லது. சற்று நின்று கவனிக்க வேண்டியது மருந்து. கால்நடை மருந்தும் தடுப்பூசியும் விற்க 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். ஊசி போடுவது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. கடைப்பையன் ஃப்ரிட்ஜைத் திறந்து, கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் குப்பியை எடுத்துக் குட்டிக்குக் குத்திவிட்டு அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பதைப் பல இடங்களில் காணலாம். குளிர் தவறிய ஊசி பாதுகாப்பைத் தராது, ஆனால் பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையைத் தந்துவிடும். ரேபிஸ் விஷயத்தில் இந்தப் பொய் நம்பிக்கை ஒரு மனித உயிரையே கேட்கும்.

இத்தனை விதிகளுக்கும் பின்னால் நிற்கும் தண்டனையைப் பார்த்தால் மனம் வெறுத்துப் போகிறது. 1960 சட்டத்தின்படி விலங்கை வதைத்த முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை. மூன்றாண்டுக்குள் மறுபடி செய்தால் நூறு ரூபாய்வரை அல்லது மூன்று மாதம்வரை சிறை. பல பத்தாண்டுகளாக அந்த எண்கள் மாறவில்லை. கடை விதிகளை மீறினால் பதிவு ரத்தாகும், விலங்குகள் பறிமுதலாகும். பதிவே இல்லாதவரிடம் ரத்து செய்ய என்ன இருக்கிறது? கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை தண்டனை உண்டு என்றாலும், கூண்டில் மெல்ல வாடிச் சாகும் குட்டிக்கு அது எட்டுவதில்லை. அபராதத்தை உயர்த்தும் திருத்த வரைவை 2022இல் ஒன்றிய அரசு மக்கள் கருத்துக்கு வைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

இதன் விளைவு நேர்மையானவர் தலையில் விழுகிறது. பதிவு எடுத்து, இடம் விட்டு, எட்டு வாரம் காத்திருந்து, மருத்துவருக்குப் பணம் கொடுத்து விற்பவரின் குட்டி விலை கூடும். வாட்ஸ்அப்பில் படம் போட்டு, வீட்டு மொட்டை மாடியிலிருந்து விற்பவருக்கு இந்தச் செலவு எதுவும் கிடையாது. அவரும் வியாபாரிதான், விதி அவருக்கும் பொருந்தும். ஆனால் அதிகாரியின் கண்ணுக்குத் தெரிவது பெயர்ப்பலகை உள்ள கடை மட்டும். பதிவு பெற்ற கடைகளையும் வளர்ப்பாளர்களையும் மாவட்டவாரியாக, ஆய்வு நடந்த தேதியோடு, யாரும் பார்க்கும்படி வாரியம் இணையத்தில் வைத்தால் நிலைமை ஓரளவு மாறும் என்பது என் கணிப்பு. இணையத்தில் விளம்பரம் போட அந்தப் பதிவு எண் கட்டாயம் என்றால் இன்னும் மாறும். வாங்குபவரும் பில் கேட்க வேண்டும். அதில் விற்ற தேதி, குட்டியின் பிறந்த தேதி, ஊசி போட்ட மருத்துவரின் பதிவு எண் மூன்றும் இருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்காட ஆதாரம் கையில் இருக்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை, முதல் ஆண்டு தீவனமும் உபகரணமும் குளிப்பாட்டும் சேவையும் மட்டும் வைத்து நடத்திப் பார்ப்பது. உயிர் விற்காத கடைக்கு வாரியப் பதிவு தேவையில்லை, வாடிக்கையாளர் யார் என்றும் தெரிந்துவிடும். அடுத்து பட்ஜெரிகரும் காக்டெய்லும் சேர்க்கலாம். அந்த இடத்தில் பதிவு கட்டாயமாகிவிடும், விண்ணப்பத்தை அதற்கு முன்பே கொடுத்து ஆய்வு முடியும்வரை கூண்டைக் காலியாக வைத்திருக்க வேண்டும். நாய்க்குட்டியைக் கடையில் நிறுத்தாமல், பதிவு பெற்ற வளர்ப்பாளர் வீட்டுக்கே வாடிக்கையாளரை அழைத்துப் போய்த் தாயோடு குட்டியைக் காட்டி விற்றுத் தருவதும் ஒரு வழி. அப்போதும் வியாபாரம் வியாபாரம்தான், பதிவிலிருந்து விலக்கில்லை. ஆனால் குட்டி எட்டு வாரம்வரை தாயின் மடியிலேயே இருக்கும். ஷட்டருக்குப் பின்னால் இரவைக் கழிக்க வேண்டியதில்லை.